உள்ளே விட்ட துணி

முதுகுப் பக்கம் ஜிப் ஏறவில்லை. இடுப்பைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்து நின்றுவிட்டது.

"மெதுவா இழுடி, சதையில மாட்டிக்கும்" என்றாள் அம்மா. மாட்டினாலும் இனி வலிக்காது என்பது சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள்.

மூத்தவள் தங்கையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்தபடி ஜிப்பைக் கீழே இறக்கி மறுபடி ஏற்றினாள். ஏற்றும்போது தன் வயிற்றைத் தானே எக்கிக்கொண்டாள். தைக்கக் கொடுக்க வருகிற பெண்களுக்கு உடுப்பு போட்டுப் பார்க்கும்போதெல்லாம் அவளையறியாமல் இப்படித்தான் எக்குவாள். தங்கை குருவி அதைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பாள். இன்று சிரிக்க ஆளில்லை. ஜிப்பும் ஏறவில்லை.

ஆஸ்பத்திரியில் சுற்றிக் கொடுத்த வெள்ளைத் துணியோடு என் பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்று அம்மா காலையிலேயே சொல்லிவிட்டாள். பச்சைக் கவுன்தான் போட வேண்டும். கடைசி மாதங்களில் குருவி விரும்பிப் போட்டது அது ஒன்றைத்தான்.

"பின்பக்கம் கத்தரி வெச்சு ஒரே வெட்டா வெட்டி விட்டுடு" என்றாள் எதிர்வீட்டு அம்மாள். "படுக்க வெச்சா யாருக்குத் தெரியப் போகுது? எல்லார் வீட்லயும் அப்படித்தான் செய்வாங்க."

நல்ல யோசனைதான். ஆனால் போயும் போயும் இவளிடமா சொல்வது? தெருவில் பாதிப்பேர் உடம்பில் இருப்பது இவள் கையால் தைத்த துணி. எதிர்வீட்டு அம்மாள் அப்போது போட்டிருந்ததும் அதுதான்.

"கிழிஞ்ச துணியோட அனுப்ப மாட்டேன்" என்றாள் மூத்தவள். கவுனை மெல்லக் கழற்றி எடுத்துக்கொண்டு, தங்கையைக் கழுத்துவரை போர்த்திவிட்டு, மிஷின் இருக்கும் முன்னறைக்குப் போனாள்.

குருவி என்பது அப்பா வைத்த செல்லப் பெயர். பிறந்தபோது உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்தாளாம். பெயரை வைத்துவிட்டு அவர் சீக்கிரமே போய்ச் சேர்ந்தார், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும், கல்யாணமான பிறகும் அவள் குருவிதான். மாசமானதும் அதே பெயரை வைத்துத் தெருவே கேலி செய்தது. "என்னம்மா, குருவி இப்ப வாத்தாயிடுச்சு?" கேட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. நன்றாக இருக்கிறாய் என்பதைத்தான் அப்படிச் சொன்னார்கள். அவளும் பல்லைக் காட்டிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து குளியலறையில் விளக்கைப் போடாமல் குளித்தாள்.

கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள் தன் முகத்திடமிருந்து எங்கே ஓடுவது? மேசைக்கு மேசை கண்ணாடி. ஒருநாள் மூத்தவள் அங்கே போனபோது, ஒரு பெரியவர் புது ஃபிரேமை மாட்டிக்கொண்டு, "ஏம்மா, என் மூஞ்சி தெரியல, ஃபேன்தான் தெரியுது" என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தார். பார்த்தால் கடையிலிருந்த அத்தனை கண்ணாடிகளையும் குருவி கூரையைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள். அடப் பாவமே, அன்றைக்கே அதைச் சிரிப்பாக எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

பிறகு கிளினிக்கில் எடை பார்க்கிற அம்மாள். அவளுக்கு நல்ல கணீரென்ற குரல். மேடையில் ஏற்றி நிறுத்தி, முள் நிற்கிற எண்ணை அடுத்த அறையில் எழுதுகிறவருக்கு இங்கிருந்தே கூவுவாள். வரிசை முழுவதற்கும் கேட்கும். "ரெண்டு பேருக்குச் சாப்பிடச் சொன்னா ஊருக்கே சேத்துச் சாப்பிடறியா?" என்று அவள் கேட்டதற்கு வரிசையே சிரித்ததாம். அன்றிலிருந்து குருவி சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. மாப்பிள்ளை வேலைக்குப் போனதும் அம்மா வீட்டுக்கு வந்து, மிஷினுக்குப் பக்கத்தில் வெட்டுத் துணிக் குவியல்மேல் படுத்துக் கிடப்பாள்.

"அக்கா, என்னை எனக்கே பிடிக்கல. சில நேரம் உள்ள இருக்கறதக்கூடப் பிடிக்கல. நான்லாம் ஒரு மனுஷியா?"

"மாசமா இருந்தா மனசு அப்படித்தான் கிடந்து அடிச்சுக்கும். எந்திரிச்சு ஒரு முட்டையாவது சாப்பிடு."

வேறு என்ன சொல்வது என்று மூத்தவளுக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது தையல். அந்தப் பச்சைக் கவுனைத் தைக்கும்போதே, பிறகு உதவும் என்று பக்கவாட்டில் தாராளமாக உள்ளே துணி விட்டுத்தான் தைத்திருந்தாள். ஒரு மத்தியானம் குருவி வேறு உடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தபோது, இரண்டு பக்கமும் தையலைப் பிரித்து, விரற்கடை அளவு விட்டு, மறுபடி தைத்து, இஸ்திரி போட்டு, இருந்த இடத்திலேயே மாட்டிவைத்தாள். வீட்டில் இருந்த எடை பார்க்கும் கருவியைத் தூக்கிப் பரண்மேல் போட்டாள். சாயங்காலம் குருவி கவுனை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, போன வாரம் போட்ட மாதிரியே இருக்குல்ல?"

"அப்புறம்? நீயா ஏதாவது நினைச்சுக்கிட்டுக் கிடக்கற."

அன்று குருவி வயிறாரச் சாப்பிட்டாள். அதன்பின் மூத்தவளை யார் தடுக்க முடியும்? இறுகுகிறது என்று பட்டபோதெல்லாம் பிரித்தாள், விட்டாள், தைத்தாள். தங்கை முகம் தெளிந்தது, கடைக் கண்ணாடிகள் நிமிர்ந்தன. தன் கைராசியை நினைத்து மூத்தவளுக்கு உள்ளூரப் பெருமைகூட இருந்தது.

கடைசியில்தான் வேகம் கூடியது. தைத்து முடித்து நூல் அறுக்கும் முன்பே அடுத்த தடவை பிரிக்க வேண்டியிருந்தது. கை கண்டுகொண்டது. கடைசி மாசம், தண்ணீர் கோக்கத்தான் செய்யும் என்று மனசு சமாதானம் சொல்லிற்று. செருப்பு நுழையாமல் குருவி வெறுங்காலோடு நடந்தாள். தலை வலிக்கிறது என்றாள். கண் முன்னால் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். "கண்ணாடிக் கடையில வேலை பாத்துக்கிட்டு கண்ணு தெரியலைன்னா, நல்லா இருக்குடி கதை!" என்று மூத்தவள் சிரித்தாள். மறுநாள் காலையில் குருவி குளியலறையில் விழுந்தாள், கைகால் வெட்டி இழுத்தது. பிள்ளையை வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். பெண். உயிரோடு இருக்கிறது. தாயை மீட்க முடியவில்லை. ரத்த அழுத்தம் ஏறிப்போய் வந்த வீக்கம் அது, சதையல்ல என்று டாக்டர் சொன்னார். "இத்தனை நாள் எங்க இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வியைத்தான் மூத்தவள் நேற்றிலிருந்து தனக்குள் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கிளினிக்குக்குத்தான் மாப்பிள்ளை மாதா மாதம் கூட்டிப் போனாரே? அவர்கள் பார்த்துச் சொல்லியிருக்க மாட்டார்களா? அப்படியானால் தன் தையலால் ஒன்றும் கெடவில்லை. அப்படித்தானே?

கவுனை உள்பக்கம் வெளியே வரத் திருப்பி மிஷின்மேல் விரித்தாள். பக்கவாட்டில் பழைய தையல்கள் இருந்த இடமெல்லாம் ஊசித் துளைகள் வரிசை வரிசையாக ஓடின. கடைசித் தையலுக்கு அப்பால் துணியே இல்லை. விளிம்புதான் இருந்தது.

மாப்பிள்ளை வாசற்படியில் வந்து நின்றார். லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். எத்தனையோ மாடி உயரத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கி வேலை செய்கிற ஆள், இன்று தரையில் நிற்பதற்குக் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"வண்டி கிளம்பிடுச்சாம்க்கா."

"இதோ, தைச்சுடறேன்." அவள் நிமிரவில்லை. "தம்பி, ஒண்ணு கேக்கணும். கடைசியா நீங்க கிளினிக் கூட்டிட்டுப் போனப்ப அங்க என்ன சொன்னாங்க?"

"நானா?"

"ஆமா. இந்த மாசம். அதுக்கு முந்தின மாசம்."

"உங்ககூடப் போறேன்னுதானேக்கா சொன்னா. நான் லீவு போடறேன்னதுக்குக்கூட, அக்கா இருக்கா, நீ வேலையைப் பாருன்னா."

சக்கரத்தின்மேல் வைத்த கை அங்கேயே நின்றது.

"எங்கிட்ட உங்ககூடப் போறதா சொன்னா" என்றாள் மூத்தவள்.

வெளியே யாரோ நாற்காலிகளை இழுத்துப் போட்டார்கள்.

"ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வந்தாளேக்கா" என்றார் அவர், ஏதோ சாட்சி சொல்கிறவர்போல. "கிளினிக் வாசல்ல விக்குது, உனக்கும் வாங்கினேன்னு கொடுத்தா. நான் உரிச்சுத் தின்னேன்."

"எனக்கும் கொடுத்தா."

எடைக்கார அம்மாளின் குரலுக்குப் பயந்து, வெயிலில் எந்தப் பூங்காவிலோ எந்த பஸ் நிறுத்தத்திலோ உட்கார்ந்திருந்துவிட்டு, வருகிற வழியில் பழம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். மூத்தவள் கவுனை அவர் பக்கம் திருப்பினாள். இனி ஒளிக்க என்ன இருக்கிறது?

"தம்பி, நான் ஒரு பாவம் பண்ணிட்டேன். இந்தக் கவுன..."

"தெரியும்க்கா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவதான் காட்டினா. முதல் தடவையே கண்டுபிடிச்சுட்டா. உள்ள இந்தத் துளையெல்லாம் விரலால தடவிக் காட்டினா. 'அக்கா என்னை ஏமாத்தறதா நினைச்சுக்கிட்டு இருக்கா, மத்தியானமெல்லாம் தூங்காம உக்காந்து பிரிச்சுத் தைக்கறா. நீ சொல்லிடாத, மனசு விட்டுப்போயிடுவா'ன்னா. நானும் சரின்னுட்டேன்."

"சிரிச்சாளா?"

"சிரிச்சா. அப்புறம் அழுதா" என்றார்.

நீதான் கொன்றாய் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூத்தவள் அதைப் பிடித்துக்கொண்டு கதறியிருப்பாள். அவர் சொல்லவில்லை. தானும்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பது அவர் முகத்திலேயே இருந்தது. அவள் கவுனை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். ஆசை தீர அழ நேரமில்லை, வண்டி வந்துகொண்டிருந்தது. என்னை நம்பி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடி என்று அவளைக் கேட்க வேண்டும். நீ சொன்னியா என்று அவள் திருப்பிக் கேட்பாள். கேட்கட்டுமே. அந்தக் குரலில் கேட்டால் போதும்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டு பக்கத் தையலையும் முழுவதும் பிரித்தாள். வெட்டுத் துணிக் குவியலைக் கிளறினாள். பச்சை இல்லை. குருவி படுத்துப் படுத்துக் கசங்கியிருந்த மஞ்சள் துண்டு ஒன்று மேலாகக் கிடந்தது. அதில் அகலமாக இரண்டு பட்டை வெட்டி, அக்குளிலிருந்து கீழ்விளிம்புவரை இரண்டு பக்கமும் வைத்துத் தைத்தாள். தையல் கோணவில்லை.

இந்தத் தடவை ஜிப் தடங்கலில்லாமல் கழுத்துவரை ஏறிற்று.

அம்மா மஞ்சள் பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். "வேற கலரா தெரியுதேடி. கையைக் கொஞ்சம் ஒட்டி வெச்சு மறைச்சுடு."

"தெரியட்டும்மா."

"பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"பருத்திருந்தான்னு நினைப்பாங்க. நினைக்கட்டும்."

வந்தவர்கள் எல்லாரும் அந்த மஞ்சள் பட்டையைப் பார்த்தார்கள். எதிர்வீட்டு அம்மாள் பார்த்துவிட்டு, கிட்டே வந்து, மகளுக்குச் செய்கிற மாதிரி கவுனின் விளிம்பை இழுத்துக் காலை மூடிவிட்டுப் போனாள். பிறகு கொண்டுபோனார்கள்.

சாயங்காலம் மூத்தவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கழுத்தில் அளவு நாடா தொங்குவதை அங்கே கதவுக் கண்ணாடியில்தான் பார்த்தாள். அத்தனை பேர் முன்னாலும் அதோடுதான் நின்றிருக்கிறாள், யாரும் சொல்லவில்லை. சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. சின்னது. தன் அப்பா இருந்திருந்தால் இதற்கும் உருவத்தைப் பார்த்து ஒரு பெயர் வைத்திருப்பார், நல்லவேளை அவர் இல்லை. நர்ஸ் பெட்டியைத் திறந்து, பிள்ளையைத் தூக்கித் தட்டில் கிடத்தி எடை பார்த்தாள். துக்க வீட்டு ஆள் என்று தெரிந்ததாலோ என்னவோ, எண்ணைச் சொல்லாமல் அட்டையில் எழுதினாள்.

"எவ்வளவும்மா?"

"ஒண்ணும் இல்லைங்க. கவலைப்படாதீங்க."

"எவ்வளவுன்னு சொல்லுங்க."

நர்ஸ் சொன்னாள். "நேத்தைவிட இப்ப கொஞ்சம் இறங்கியிருக்கு. முதல் சில நாள் எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான். அப்புறம் ஏறும்."

"ஏறினா எங்கிட்ட சொல்லணும்."

"சொல்றேங்க."

"இறங்கினாலும் சொல்லணும். தினமும் வருவேன். நான் வருத்தப்படுவேன்னு மட்டும் மறைச்சுடாதீங்க."

நர்ஸ் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். அட்டையைப் பெட்டியின் முன்பக்கக் கொக்கியில் மாட்டிவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போனாள். எழுதிய பக்கம் உள்புறமாகத் திரும்பித் தொங்கியது. மூத்தவள் அதைக் கழற்றி, எழுத்து வெளியே தெரிகிற மாதிரி திருப்பி மாட்டினாள்.