அதே மாதிரி

பிரசவ ஆஸ்பத்திரியின் இணையதளத்தில் ‘மாணவர் சேர்க்கை நடைபெறுகிறது’ என்று ஒரு வரி ஓடிக்கொண்டிருந்ததை முதலில் பார்த்தவர் டாக்டரம்மாவின் தம்பி. துபாயில் இருந்தவர். அக்காவுக்குப் போன் போட்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த போன் சிராஜுக்கு வந்தது.

சிராஜுக்கு உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே போட்டோ ஸ்டுடியோ. முன்பக்கம் ஜெராக்ஸும் பாஸ்போர்ட் சைஸ் படமும். பின்பக்கம், முன்பு பிலிம் கழுவிய இருட்டறையில், அவன் மனைவி ஷாஹீதா கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு இணையதளம் செய்து கொடுத்தாள். டிஜிட்டல் கேமரா வந்ததும் இருட்டறைக்கு வேலை இல்லாமல் போய், அந்த இடம் அவளுக்குக் கிடைத்தது. சன்னல் கிடையாது. வெளிச்சம் கசியக்கூடாதென்று மாமனார் காலத்தில் அடித்த கறுப்புப் பெயின்ட், அதன்மேல் எத்தனை முறை வெள்ளை அடித்தும் சாம்பலாகவே தெரிந்தது.

“ஷாஹி, இன்னா பண்ணி வச்சிருக்க? கீழ பாரு. மாணவர் சேர்க்கை, பன்னண்டாவதுல நூறு சதவீதத் தேர்ச்சின்னு ஓடிக்கினு கீது. புள்ள பெத்துக்க வர்ற எடத்துல!”

சொல்லும்போதே சிராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஷாஹீதாவும் சிரித்தாள். வரியை அழித்துவிட்டு வேறு வரி போட்டாள். அவன் முன்பக்கம் போன பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் அந்தப் பக்கத்தை அவள் மேலிருந்து கீழ்வரை பார்த்துத்தான் ஏற்றினாள். பார்த்தாள்; ஆனால் எதுவும் கண்ணில் படவில்லை. அவள் கை செய்தது, அவள் அங்கே இல்லை.

இப்படி ஆனதற்குக் காரணம் ஒரு நல்ல காரியம்தான். காஞ்சிபுரத்தில் இணைய வடிவமைப்பு படித்துவிட்டு, கல்யாணமாகி உத்திரமேரூர் வந்த புதிதில், பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு அவள் ஒரு தளம் செய்தாள். பச்சையும் மஞ்சளும். மேலே ஆடுகிற மணி, கீழே ஓடுகிற எழுத்து, இடது பக்கம் சிலேட்டு வடிவத்தில் பொத்தான்கள். அந்த மணி சரியாக ஆட வேண்டுமென்று ஒரு வாரம் சாப்பாடு தூக்கமில்லாமல் கிடந்தாள். பள்ளிக்கூடத்தின் தாளாளர் பார்த்து அசந்துபோனார். அவர் இன்னொரு தாளாளரிடம் காட்டினார். பிறகு பாலிடெக்னிக், நர்சரி, டிராவல்ஸ், ஹார்டுவேர் கடை என்று எல்லாரும் வந்து நின்றார்கள். எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: “அதே மாதிரி.”

சிராஜும் அதையே வாக்குக் கொடுத்தான். “எங்க வூட்ல சூப்பரா பண்ணுவாங்க சார். அப்டியே அதே மாதிரி போட்டுக் குடுத்துடுவாங்க.” அவனுக்கு அவளைப் பற்றிப் பெருமை. அந்தப் பெருமையைக் குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பள்ளிக்கூடப் பக்கத்தை நகலெடுத்துப் பெயரையும் படத்தையும் மாற்றுவதுதான் அவள் வேலையாகிப்போனது; ஆஸ்பத்திரிக்கும் அப்படித்தான்.

மாற்றிப் பார்க்காமலில்லை. ஒரு நாள் பச்சைக்குப் பதில் நீலம் வைத்தாள். டிராவல்ஸ்காரர் பச்சையே கேட்டார். வேறு நாட்டுக்காரர்கள் செய்த தளங்களைத் தேடிப் பார்த்தாள். போன் லைனில் வந்த நெட்டில் ஒரு படம் மேலிருந்து கீழே பட்டை பட்டையாக இறங்கும். முழுதாக இறங்குவதற்குள் கண் பூத்துவிடும். இறங்கியதும் மனசு இன்னும் சுருங்கிவிடும். அவர்கள் ஏதோ ஒன்றைப் பார்த்திருக்கிறார்கள், அதனால் செய்திருக்கிறார்கள். தான் எதைப் பார்ப்பது? சாம்பல் சுவரையும், சிராஜ் சிடியில் போட்டுக்கொண்டு வரும் கட்டடங்களின் முகப்பையும்தான்.

மாமியார் நூருன்னிசாவிடம் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னாள். “மாமி, உள்ள ஒக்காந்தா மூச்சு முட்ற மாதிரி கீது.”

“வெயிலுல நிக்கல, மழைல நனையல, தலைக்கு மேல ஃபேன் சுத்திக்கினு கீது. இன்னாம்மா கொற ஒனக்கு?” என்றாள் நூருன்னிசா. பரிவாகத்தான் கேட்டாள். அதுதான் இன்னும் முட்டியது.

ஆஸ்பத்திரி விஷயம் நடந்த அடுத்த வாரம் மாகறலிலிருந்து ஒரு வேலை வந்தது. நிலபுலம் உள்ள குடும்பத்தைச் சேர்ந்த ஆதிலட்சுமி என்ற அம்மாள், ஆற்றங்கரைப் பக்கம் கல்யாண மண்டபம் நடத்தினாள். சென்னைக்காரர்கள் கம்ப்யூட்டரில் பார்த்து மண்டபம் பிடிக்கிறார்கள் என்று அவள் மகன் சொல்லியிருந்தான். சிராஜ் கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

“நானும் வர்றேன்” என்றாள் ஷாஹீதா.

“நீ இன்னாத்துக்கு? போட்டோ நான் எட்துகினு வர்றேன். கஸ்டமர் எடத்துக்கு நீ வந்தா நம்ம ஆளுங்க இன்னா பேசுவாங்க?”

“மறுபடி மாத்திப் போட்டுட்டா அப்ப பேசமாட்டாங்களா?”

சிராஜ் பைக் சாவியை எடுத்தான். பிறகு, “பர்தா போட்டுக்கினு வா, பைக்ல காத்து அடிக்கும்” என்றான்.

முகூர்த்தமில்லாத நாள். மண்டபம் காலியாக இருந்தது. அடுக்கிவைத்த நாற்காலிகள், கவிழ்த்துவைத்த அண்டாக்கள். ஆதிலட்சுமி சிராஜை அழைத்துக்கொண்டு போய் வாசல் வளைவைப் படமெடுக்கச் சொன்னாள். ஷாஹீதா தன் பாட்டுக்கு உள்ளே நடந்தாள். மேடைக்குப் பின்னால் மணப்பெண் அறை. கதவைத் தள்ளியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சுவர் முழுக்க நீண்ட கண்ணாடி. அதன் ஓரமெல்லாம் ஸ்டிக்கர் பொட்டு. மெரூன், பச்சை, கறுப்பு, கல் வைத்தது, பாம்பு போல வளைந்தது, குழந்தைக்கு வைக்கிற சின்னப் புள்ளி. அந்த அறையில் நின்று அலங்கரித்துக்கொண்ட ஒவ்வொருத்தியும், கூட வந்த அக்கா தங்கைகளும், வைத்துப் பார்த்துப் பிடிக்காததைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். உயரமானவள் ஒட்டியது மேலே, குட்டிப் பெண் ஒட்டியது கீழே. ஷாஹீதா பொட்டு வைத்தவளில்லை. ஆனால் ஒருத்தி கண்ணாடியில் முகம் பார்த்து, இது வேண்டாம் என்று எடுத்து ஒட்டுகிற அந்த விரல் அவளுக்குத் தெரிந்தது. எத்தனை நாளுக்குப் பிறகோ, வயிற்றுக்குள் குளிர்ந்த தண்ணீர் இறங்கியது போல இருந்தது.

“ஏங்க, கேமராவக் கொஞ்சம் குடுங்க” என்று ஓடிவந்து வாங்கிக்கொண்டு போனாள்.

பின்னாலேயே வந்த ஆதிலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். “அய்ய, இத்த தொடைடின்னு பாஞ்சாலி கைல எத்தினி வாட்டி சொல்றது! வேல செய்யறவ காதுல எதுவுமே ஏறறதில்ல. இத்தப் போயி போட்டா புடிக்கிறியே பாப்பா.”

“நல்லாக் கீதுக்கா” என்றாள் ஷாஹீதா. அவள் குரலைக் கேட்டு சிராஜ் திரும்பிப் பார்த்தான்.

அந்த வாரம் அவள் இருட்டறையில் இருந்தாள், ஆனால் இருட்டறை ஞாபகம் இல்லை. வெள்ளைப் பக்கம், அதில் அங்கங்கே ஒட்டிய பொட்டுகள். ஒரு பொட்டைத் தொட்டால் பந்திக்கூடம் திறக்கும். இன்னொன்றைத் தொட்டால் மேடை. பச்சைப் பொட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பும் ஆற்றங்கரையும். மணி கிடையாது, ஓடுகிற எழுத்து கிடையாது. சாப்பிடக் கூப்பிட்ட நூருன்னிசா திரையை எட்டிப் பார்த்து, “இது இன்னாம்மா, அழகா கீதே” என்றாள்.

ஆதிலட்சுமி மகனோடு ஸ்டுடியோவுக்கே வந்தாள். உள்ளே ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். ஷாஹீதா ஒவ்வொரு பொட்டாகத் தொட்டுக் காட்டினாள். ஆதிலட்சுமி முதலில் சிரித்தாள். பிறகு முகம் மாறியது.

“தொடைக்காத கண்ணாடிய ஊருக்கே காட்டிட்டியே பாப்பா. நல்லாத்தான் பண்ணியிருக்க, இல்லன்னு சொல்லல. ஆனா பாக்கறவன் இன்னா நெனைப்பான்? மண்டபத்தக் கூட்டிப் பெருக்க மாட்டாங்கன்னு நெனைப்பான்.” மகன் பக்கம் திரும்பினாள். “அந்த இஸ்கூலுக்கு ஒண்ணு போட்டுக்கீறாங்களே, பச்சயா, மணி ஆடிக்கினு. அதே மாதிரி போடச் சொல்லு.”

“போட்டுக் குடுத்துடலாம்மா” என்றான் சிராஜ் உடனே. “நாளைக்கே.”

அவர்கள் எழுந்து போகும்போது ஷாஹீதா சிராஜின் முகத்தைப் பார்த்தாள். மறுநாள் வெள்ளிக்கிழமை. சிராஜ் ஜும்மாவுக்குப் போனதும் கடையில் அவள் மட்டும் இருந்தாள். கம்ப்யூட்டரில் அந்தப் பள்ளிக்கூடத் தளம் இருந்த ஃபோல்டரை அழித்தாள். அதன் நகல்களைத் தேடித்தேடி அழித்தாள். மணியின் மூலப்படத்தை அழிக்கும்போது மட்டும் கை தயங்கியது; அந்த மணியை அவள் நிஜமாகவே நேசித்துச் செய்திருந்தாள். பிறகு அலமாரியில் அதன் நகல் இருந்த சிடியை எடுத்து இரண்டாக உடைத்தாள். உடைந்த விளிம்பு விரலைக் கிழித்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நெஞ்சு லேசாக இருந்தது. இனி யார் கேட்டாலும் அதே மாதிரி கொடுக்க முடியாது.

சிராஜ் தொப்பியைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தான். உடைந்த சிடியைப் பார்த்தான்.

“இன்னா இது?”

“இஸ்கூல் டிசைனு. எல்லாத்தையும் அழிச்சிட்டேன்.”

“தெரியாம அழிஞ்சிடுச்சா?”

“தெரிஞ்சிதான்.”

அவன் கோபப்படுவான் என்று நினைத்தாள். அதற்குத் தயாராகவும் இருந்தாள். ஆனால் அவன் அவள் விரலைப் பார்த்துவிட்டு முன்பக்கம் போய் பிளாஸ்திரி கொண்டுவந்து ஒட்டினான். பிறகு குனிந்து மவுஸைப் பிடித்து, நெட்டைப் போட்டு, அந்தப் பள்ளிக்கூடத்தின் தளத்தைத் திறந்தான். பச்சையும் மஞ்சளுமாக அது பட்டை பட்டையாக இறங்கியது. மேலே மணி ஆடியது. பக்கத்தை அப்படியே சேமித்தான்.

“இதுக்குப் போயி எதுக்கு பேஜாரு? எத்தினி எடத்துல போட்டு வச்சிருக்கோம். எதுலேர்ந்து வேணாலும் எட்துக்கலாமே” என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான்.

ஷாஹீதாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. தான் அழிக்க நினைத்தது இந்த அறையில் இல்லை. வாலாஜாபாத்திலிருந்து மதுராந்தகம் வரைக்கும் யார் யாருடைய பெயரிலோ அது ஆடிக்கொண்டிருக்கிறது. அவளால் தொட முடியாத இடத்தில்.

“நான் போட மாட்டேன்” என்றாள் அழுகையோடு. “என்ன அடிச்சாலும் போட மாட்டேன்.”

“யாரு அடிக்கப் போறா? இன்னா பேச்சு இது?” சிராஜுக்கு முகம் வெளுத்துவிட்டது. “முடியலன்னா சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேன். நீல கலரு வெச்சப்ப சொன்னேன். மாகறல் போறப்ப சொன்னேன். நேத்து அந்தம்மா எழுந்து போனப்ப ஒங்க மூஞ்சியப் பாத்தேனே, அப்பவும் சொன்னேன்.”

வாசலில் யாரோ ஜெராக்ஸுக்குக் கூப்பிட்டார்கள். சிராஜ் முன்பக்கம் போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவள் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. ஆதிலட்சுமிக்குக் கொடுத்த வாக்கு இருந்ததால் சிராஜே உட்கார்ந்தான். பள்ளிக்கூடத்தின் பெயரை எடுத்துவிட்டு மண்டபத்தின் பெயரை வைத்தான், படங்களை மாற்றினான். இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டு அவளைக் கூப்பிட்டான். அவள் நின்றபடியே சொன்னாள். ஒரு மத்தியான வேளையில் வேலை முடிந்துவிட்டது.

“இத்த நானே பண்ணிடலாம் போல கீதே!” என்று நிமிர்ந்தான். முகமெல்லாம் வெளிச்சம். அடுத்த நொடி அவளைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அது அவளைக் குத்தியது. இத்தனை வருஷம் தன்னுடையது என்று நினைத்த வேலை, கேமரா பிடிக்கிறவன் ஒரு மத்தியானத்தில் செய்கிற வேலையாக இருந்திருக்கிறது. ஆனாலும் சொன்னாள்: “அப்ப நீங்களே பண்ணுங்க. அதே மாதிரி கேக்கறவங்களுக்கு.”

“கேக்காதவங்க யாரு வரப் போறாங்க?”

உண்மையில் யாரும் வரவில்லை. வந்தவர்கள் எல்லாரும் மணி கேட்டார்கள். சிராஜ் செய்து கொடுத்தான். ஷாஹீதா முன்பக்கம் உட்கார்ந்து ஜெராக்ஸ் எடுத்தாள். பொட்டு வைத்த பக்கம் யாருக்கும் பயன்படாமல் கம்ப்யூட்டரிலேயே கிடந்தது. வேறு மண்டபத்துக்கு அதைக் கொடுக்கலாமே என்று சிராஜ் ஒருமுறை கேட்டான். “அது அந்தக் கண்ணாடிக்குத்தான்” என்றாள். அதையும் அதே மாதிரி ஆக்க அவளுக்கு மனசில்லை.

ஆனால் ஒன்றில் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. எந்த வேலை வந்தாலும் படமெடுக்க அவளும் போனாள். முதலில் பஜாரில் பேசினார்கள். நூருன்னிசா அதைக் கேட்டுக்கொண்டு வந்து சொன்னாள். சிராஜ் அம்மாவிடம், “போட்டோ அவ எட்தாதாம்மா நல்லா வருது” என்று மட்டும் சொன்னான்.

காவாந்தண்டலத்தில் கன்னியப்பன் என்பவரின் நெல் அரவை மில்லுக்கு ஒரு தளம் வேண்டியிருந்தது. அவருக்கும் மணிதான். சிராஜ் வாசலிலிருந்தே முகப்பை எடுத்து முடித்துவிட்டான். ஷாஹீதா உள்ளே போனாள். எங்கு பார்த்தாலும் தவிட்டுத் தூசி. பெல்ட் ஓடுகிற சத்தத்தில் காது அடைத்தது. சாக்குகளைப் பார்த்தாள், தராசைப் பார்த்தாள், கூரை ஓட்டையில் விழுந்த வெயிலில் தூசி மிதப்பதைப் பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. மாகறலில் வந்தது போல எதுவும் உள்ளே இறங்கவில்லை. ஒருவேளை அது ஒரே தடவை வருகிற ஒன்றோ என்று பயமாக இருந்தது.

வெளியே சிராஜ் ஹாரன் அடித்தான். இன்னொரு முறை அடித்தான். பிறகு வாசலில் வந்து நின்று, “ஷாஹி, வேல முடிஞ்சிடுச்சில்ல? வா, போலாம்” என்று சத்தத்துக்கு மேல் கத்தினான்.

“எனக்கு இன்னும் முடியல. இருங்க” என்று கத்திவிட்டு, அவள் மில்லின் அடுத்த பக்கத்துக்குப் போனாள்.