மூன்றாம் கதவு

எங்கள் ஊர் பொத்தோத்தானில் ஒருவருடைய வசதியைக் கதவுக் கணக்கில்தான் சொல்வோம். ஒரே கூரை, நடுவில் சுவர் வைத்துத் தடுத்த வரிசை வீடுகள், ஒவ்வொன்றுக்கும் தனி வாசல், தனி மீட்டர். வாடகைக்கு விடும் அப்படி ஒரு வீடுதான் ஒரு கதவு. "அவளுக்கென்ன, நாலு கதவு வச்சிருக்கா" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் விசாரிக்க மாட்டார்கள். டெல்ஃபினாவுக்கு நாலு கதவு. சிங்கப்பூரில் பத்தொன்பது வருடம் அடுத்தவர் வீட்டுத் தரையைத் துடைத்துக் கட்டியது.

முதல் ஆறேழு வருடம் அவளும் எல்லாரையும் போல ஏமாளிதான். அட்டைப்பெட்டி நிறையச் சோப்பும் சாக்லேட்டும் அனுப்பினாள். தம்பி கேட்டான் என்று மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்தாள். திருவிழாவுக்குப் பன்றி வாங்கப் பணம் கொடுத்தாள். அதற்கப்புறம்தான் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்தாள். வீட்டுவேலை செய்யும் பெண்களுக்குப் பணத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு. பலகையில் இரண்டு கட்டம் போட்டார்கள். உன் பைக்குள் பணம் கொண்டு வருவது சொத்து, பையிலிருந்து எடுத்துக்கொண்டு போவது செலவு. மோட்டார் சைக்கிள் எந்தக் கட்டம் என்று கேட்டபோது அவளுக்கு முகம் சுட்டது.

அன்று பிடித்த பிடிதான். முதலில் இரண்டு கதவு கட்டினாள். அந்த வாடகையைத் தொடாமல் சேர்த்து மூன்றாவது, பிறகு நாலாவது. இதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த வகுப்பு இல்லாவிட்டால் இத்தனை வருட உழைப்பில் அவளுக்கு முட்டிவலிதான் மிஞ்சியிருக்கும்.

வகுப்பில் இன்னொன்றும் சொன்னார்கள். சொந்தக்காரரைக் குடிவைக்காதே, வாடகை வராது. இதை டெல்ஃபினா மற்ற எல்லாவற்றையும் விடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தம்பி கதவு கேட்டான், இல்லை என்றாள். அவனுக்குச் சொன்னது சரிதான்.

அடுத்து மகள் கேட்டாள். ஆர்லினை நாலு வயதில் அக்காவிடம் விட்டுவிட்டு விமானம் ஏறியவள் டெல்ஃபினா. தகப்பன் அதற்கும் முன்னாலேயே காணாமல் போனவன். ஆர்லினுக்கு இருபது வயதில் பெரியம்மாவும் போய்ச் சேர்ந்தாள். மருந்துக்கடையில் வேலை, போய்த் தங்க இடமில்லை. போனில் கேட்டாள்.

"நனாய், மூணாம் கதவு காலியாத்தானே கெடக்கு. நான் போய் இருந்துக்கட்டுமா?"

"வாடகை தருவியா?"

"பெத்த அம்மாவுக்கு வாடகையா?"

"உன்ன சும்மா விட்டா நாளைக்கு உன் மாமன் பொட்டியோட வந்து நிப்பான். எல்லாம் உனக்காகத்தான லின் பண்றேன். கொஞ்சம் பொறுத்துக்க."

"சரி நனாய்" என்றாள் மகள். சண்டை போடாத பிள்ளை என்று டெல்ஃபினா நிம்மதியாகத் தூங்கப் போனாள். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த மாதமே மூன்றாம் கதவுக்கு ஆள் வந்தது. மரிகார் என்று ஒரு நர்ஸ் என்றார், வாடகை வசூலித்து அனுப்பும் மனோங் அம்போ, எங்கள் அம்போ அண்ணன். ஒரு மாதம் அட்வான்ஸ், இரண்டு மாதம் டெபாசிட், சுளையாக வந்தது. அதன் பிறகு மூன்று வருடம் ஒரு மாதம்கூடத் தேதி தவறவில்லை. போன வருடம் ஐந்நூறு பெசோ ஏற்றியபோதும் முணுமுணுப்பு இல்லை. டெல்ஃபினா அந்தக் கதவைப் பற்றி வகுப்பில் பீற்றிக்கொள்வாள். தோழிகள் கேலி செய்வார்கள்: "பேசாம அந்த மூணாம் கதவுக்காரியத் தத்து எடுத்துக்கடி. உன் மகள விட அவளப் பத்தித்தான் அதிகம் பேசுற."

மகளோடு வாரம் ஒருமுறை வீடியோவில் பேசுவாள். சிநேகிதியோடு அறை எடுத்திருப்பதாக ஆர்லின் சொல்லியிருந்தாள். அவளுக்குப் பின்னால் எப்போதும் ஒரு மஞ்சள் பூப்போட்ட திரை தொங்கும். பேச்சு வரவரக் குறைந்தது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வேல எப்படி, பரவால்ல. போனை வைத்த பிறகு டெல்ஃபினா தான் வேலை பார்க்கும் வீட்டு ஸ்டோர் ரூமில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் விரித்த மெத்தையில் உட்கார்ந்து கால் தேய்ப்பாள். அவளுக்கு ரொம்பத் தனியாக இருந்தது. அதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

ஐம்பத்திரண்டு வயதில் போதும் என்று முடிவு செய்தாள். மூன்று கதவின் வாடகையில் இரண்டு பேர் சாப்பிடலாம். மீதி ஒன்றில் தானும் மகளும் இருப்பது. வாடகை வராத கதவு சொத்தே இல்லை என்று வகுப்பு சொல்லும், சொல்லிவிட்டுப் போகட்டும். ஒன்று, இரண்டு, நாலாம் கதவுகளுக்கு ஒப்பந்தம் பாக்கி இருந்தது. மூன்றாம் கதவுக்குத்தான் முடிகிறது. சொந்த உபயோகத்துக்கு வேண்டும், இரண்டு மாதத்தில் காலி செய்யவும் என்று கடிதம் அனுப்பினாள். மகளிடம் மூச்சு விடவில்லை. நேரில் போய்ச் சாவியைக் கையில் வைத்து முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

வருவதை யாருக்கும் சொல்லாததால் விமான நிலையத்துக்கு யாரும் வரவில்லை. வழியில் சூடாக இரண்டு பிபிங்கா வாங்கிக்கொண்டாள். மகளுக்கு அரிசிப் பலகாரம் என்றால் உயிர். பட்டப்பகலில் டிரைசைக்கிள் வண்டியில் வந்து இறங்கி, மூன்றாம் கதவைத் தானே திறந்து உள்ளே போனாள்.

வீட்டைப் பெருக்கித் துடைத்து விட்டிருந்தார்கள். ஒரு துரும்பு இல்லை. உள் சுவரில் மட்டும் இரண்டு ஆணியில் ஒரு திரை தொங்கியது. மஞ்சள் பூ.

டெல்ஃபினா பெட்டியைக் கீழே வைக்க மறந்து நின்றாள். கிட்டே போய்த் திரையை விலக்கினாள். பின்னால் இளம்பச்சைச் சுவர். நாலு கதவுக்கும் அவளே தேர்ந்தெடுத்து, ஊர் முழுக்கப் போட்டோ அனுப்பிய பச்சை. அந்தப் பச்சையை மறைக்கத்தான் திரை.

மனோங் அம்போ வாசலில் வந்து தொப்பியைக் கழற்றினார்.

"நர்ஸுப் பொண்ணு பேருக்குத்தான் தங்கச்சி. அது ஒரு மாசம் இருந்துட்டுப் போயிடுச்சு. மூணு வருஷமும் ஆர்லின்தான் இருந்தா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லாதீங்கன்னு கெஞ்சினா. நீயும் போன் பண்ணா வாடகை வந்துச்சான்னுதான கேப்ப? யாரு இருக்கான்னு ஒருநாளும் கேக்கலயே."

"இப்ப எங்க அவ?"

"தைவான். ஃபேக்டரி வேல, மூணு வருஷக் கான்ட்ராக்ட். ஏஜென்ட் ரொம்ப நாளாக் கூப்பிட்டுட்டு இருந்தான், யோசிச்சுட்டே இருந்தா. உன் லெட்டர் வந்த மறுநாள் கையெழுத்துப் போட்டா. போன வியாழக்கிழமை கெளம்பிட்டா. நீ வர்றேன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா புடிச்சு வச்சிருப்பேன்."

மகளைப் போனில் பிடித்தாள். ஆர்லின் முகம் வந்தது. பின்னால் இரும்புக் கட்டில் அடுக்கு. அவள் பார்வை தாய்க்குப் பின்னால் இருந்த திரைக்குப் போனது.

"வந்துட்டியா நனாய்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடி."

"சொன்னா காலி பண்ணச் சொல்லியிருப்ப."

"உன்னக் கூட வச்சுக்கத்தான் லின் காலி பண்ணச் சொன்னேன். உனக்காகத்தான்."

"எப்பவும் எனக்காகத்தான்" என்று ஆர்லின் சிரித்தாள். அதில் குத்தல்கூட இல்லை. அதுதான் டெல்ஃபினாவுக்குத் தாங்கவில்லை.

"அதே வாடகைக்கு டவுன்ல நல்ல ரூம் கெடைச்சிருக்குமே. ஏன் இங்க?"

"உன் வீட்ல இருக்கணும்னு இருந்துச்சு. வேற என்ன." யாரோ கூப்பிட, ஆர்லின் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "ஷிப்ட் ஆரம்பிக்குது. என் டெபாசிட்டத் திருப்பி அனுப்பாத நனாய். வச்சுக்க. திரும்பி வந்தா மறுபடி கேப்பல்ல."

"கேக்க மாட்டேன்" என்றாள் டெல்ஃபினா. மகள் காதில் விழுந்ததா, அதற்குள் போய்விட்டாளா, தெரியவில்லை.

அவள் திரையை இழுத்து, இருந்தபடியே சரிசெய்தாள். சாயங்காலம் ஒரு பெண் கைக்குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள். வீடு காலி என்று கேள்விப்பட்டு, அட்வான்ஸும் கையோடு கொண்டு வந்திருந்தாள்.

"மூணாம் கதவு காலியாங்க அக்கா?"

"இல்லம்மா. ஆள் இருக்கு."

அந்தப் பெண் திறந்த கதவு வழியாக வெறும் தரையைப் பார்த்தாள். "யாரு இருக்காங்க?"

"என் மக" என்றாள் டெல்ஃபினா.

உள்ளே வந்து திரைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். ஆறிப்போன பிபிங்காவில் ஒன்றைத் தின்றாள். இன்னொன்றை மூடி வைத்தாள்.