லுட்சியனின் இடக்கை எழுத்து

பக்கவாதம் வந்து என் கணவர் லுட்சியனின் வலது கை விழுந்துபோன வருஷம், போலந்தில் எங்கள் வூட்ச் நகரத்தில் பெண்கள் நாங்கள், எங்களுக்கு எதிரான சட்டமொன்றைக் கண்டித்து, ஓயாமல் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தோம். ஒரு நாள் அவர் அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, இடது கையால் ‘எங்களுக்குப் பயமில்லை’ என்று எழுதிக் கொடுத்தார். எழுத்துகள் குடிகாரர்களைப்போல ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. எங்கள் மொழியில் அந்த வாசகத்தின் கடைசி எழுத்துக்குக் கீழே சின்னதாக ஒரு வால் உண்டு. அது விட்டுப்போயிருந்தது. நான் சொல்லவில்லை. மழையில் ஊறிப்போன அட்டையைச் சதுக்கத்திலேயே போட்டுவிட்டு வந்தேன்.

சில வருஷம் கழித்து அதே சதுக்கத்தில் ஆளுயர இரும்பு எழுத்துகள் நின்றன. கிங்கா என்ற சிற்பி, அன்று சிதறிக் கிடந்த அட்டைகளைப் பொறுக்கி வைத்திருந்து, ஒன்றை அப்படியே பெரிதாக்கியிருந்தாள். டிராமிலிருந்து பார்த்தவள் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி ஓடினேன். அதே சாய்வு. வாலில்லாத அதே எழுத்து.

வீட்டைவிட்டு இறங்காத மனுஷனைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்துப் போனேன். அங்கே படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவன் சிரித்தான்.

“எழுதத் தெரியாதவன் எவனோ எழுதினத வச்சிருக்காங்க பாரு.”

லுட்சியனின் முகம் சிவந்தது. “இதுக்குத்தான் கூட்டிட்டு வந்தியா? வா, போலாம்.”

நான் கிங்காவைத் தேடிப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

“ஐயா, அந்தத் தப்புதான் அதுக்கு அழகே.”

“என்னம்மா அழகு? எனக்கு எழுதத் தெரியும். கைதான் சொன்னபடி கேக்கல. என் பொண்டாட்டிக்காக எழுதினது, அது குறையோட நிக்கவேணாம்.”

கிங்கா நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். “அப்ப வால நீங்களே வரைஞ்சு குடுங்க. நான் இரும்புல செஞ்சு ஒட்டிடறேன்.”

“இந்தக் கையாலயா?”

“அந்தக் கைதானே எழுதிச்சு?”

அடுத்த சில நாளில் சமையலறை மேசை முழுக்க அவர் வரைந்த வால்கள் கிடந்தன. “என்ன இது, எலி வாலா?” என்றேன்.

“உன் மூக்கப் பாத்து வரைஞ்சேன். அப்படித்தான் வளையும்.”

வாலை எழுத்தோடு பற்றவைக்கும் நாளன்று முகம் மழித்து, நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, எனக்கு முன்னாலேயே கிளம்பி நின்றார். துருவேறிய எழுத்தின் அடியில் புது இரும்பு பளிச்சென்று தனியாகத் தெரிந்தது. அவர் அதைத் தொடப் போனார்.

“சூடு, சூடு!” என்று கிங்கா கத்தினாள்.

வேடிக்கை பார்த்த பெண்ணொருத்தி, “யாரு எழுதினது இது?” என்று கேட்டாள்.

லுட்சியன் என்னைக் கைகாட்டினார். “இவ புருஷன்.”

திரும்பும்போது டிராமில் ஒரே கூட்டம். ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான். வேண்டாமென்று சொல்லிவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு, வீடு வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்.