தேன் தடவிய குரல்

வாஷிங் மெஷின் கம்பெனிக்கு வரும் வசவுகளையெல்லாம் வீட்டிலிருந்தபடியே வாங்கிக் கட்டிக்கொள்வதுதான் அவள் வேலை. காதில் ஹெட்போன், அதன் ஒயர் மேசைக் கம்ப்யூட்டரில். எவர் எப்படிக் கத்தினாலும் "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று தேன் ஒழுகச் சொல்ல வேண்டும். பேச்சின் நடுவே எழுந்து போனதற்கு இரண்டு முறை எச்சரித்துவிட்டார்கள். மூன்றாவது முறை வேலை போய்விடும்.

அன்று கணக்குப் பரீட்சைக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது, பதினொரு வயது மகள் சிட்டு குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். "நான் போகமாட்டேன்மா! மூச்சு முட்டுது!"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. காதுக்குள் ஒரு பெரியவர், மெஷினில் தண்ணீர் வடியவில்லை என்று குதித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்காதபடி பட்டனை அழுத்திவிட்டு, கதவைப் பார்த்துச் சொன்னாள்: "உன் கஷ்டம் எனக்குப் புரியுது சிட்டு. மெல்ல மூச்சை இழுத்து விடு. வேற ஏதாவது உதவி வேணுமா?"

அழுகை சட்டென்று நின்றது. அப்பாடா என்று நினைத்தாள். எங்கே! கதவில் டமாலென்று உதை விழுந்தது.

"அந்தக் குரல்ல எங்கிட்ட பேசாதே! நான் என்ன உன் கஸ்டமரா?"

சுருக்கென்றது. பிள்ளை சொன்னதில் என்ன பொய்? எட்டு வருஷமாகத் தேன் தடவித் தடவி, சொந்தக் குரலை எங்கே வைத்தோம் என்றே மறந்துபோயிருந்தது. பெற்ற மகள் அழுதாலும் அதே பாட்டு. சீ, என்ன பிழைப்பு இது! அவமானம் பிடுங்கித் தின்றது.

"என்னம்மா, சத்தத்தையே காணோம்?" என்றார் பெரியவர்.

ஹெட்போனைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டுக் கதவடியில் போய் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. "எனக்கும் பயமா இருக்குடி. ஒவ்வொரு தடவை போன் மணி அடிக்கும்போதும்."

தாழ்ப்பாள் விலகியது.

"நிஜமாவா? உனக்குமா?"

"ஆமாண்டி. தினமும்."

சிட்டு அம்மாவின் கண்ணைத் துடைத்தாள். பிறகு விறுவிறுவென்று மேசைக்குப் போய்ப் பட்டனை அழுத்தி, ஹெட்போனில் பேசினாள்: "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் சார்."

அதே தேன், சொட்டுக் குறையாமல். பிள்ளைக்குமா இந்தக் குரல்! அம்மா ஓடிப்போய் ஹெட்போனைப் பிடுங்கினாள்.

"சார், எம் பொண்ணு அழறா. நான் போகணும்." கரகரத்த சொந்தக் குரலில் சொல்லிவிட்டு ஒயரைப் பிடுங்கினாள். மூன்றாவது முறை. பிடுங்கிய ஒயர் இன்னும் கையிலேயே இருந்தது.

சிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "மெல்ல மூச்சு விடும்மா" என்றாள், விக்கிக்கொண்டே.