ஒரு முழம் குறைந்த குழி

குழியின் நீளம் போதவில்லை என்று, அதை வெட்டிக்கொண்டிருந்த பேனே வந்து சொன்னபோது, மூடிக்கான திருகாணிகள் எடுத்து வைக்கப்பட்டிருந்தன.

அவன் ரப்பர் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, சேறு படிந்த காலுறையோடு ஊர்க்கூடத்துக்குள் வந்தான். சவப்பெட்டியைத் தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை கையால் அளந்தான்.

"ஒரு முழம் பத்தாது."

"எதை வச்சுடா அளந்தீங்க?" ஹூரியா அத்தை கேட்டாள். இறந்தவளுடைய அப்பாவின் தங்கை. தலையில் பச்சிலை வளையத்தோடு மூன்று நாளாகப் பெட்டியின் பக்கத்திலேயே இருப்பவள்.

"என்னைப் படுக்க வச்சுத்தான்."

"உன்னையா? பத்து வயசுலேயே அவ உன் தலைக்கு மேல பந்து போட்டவடா."

சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். பேனேயும் சிரித்தான்.

"ஒரு மணி நேரம் குடுங்க அத்த. அடியில பாறை."

"நம்ம வைமாரி டைம்-அவுட் கேட்டிருக்கா. குடுத்துட்டுப் போங்க," என்றாள் அத்தை.

ஈஹாயா பெட்டிக்குள் மனைவியின் முகத்தைப் பார்த்தான். வைமாரி. முப்பத்திரண்டு வயது. ஆறடி மூன்றங்குலம். ஆஸ்திரேலியக் கூடைப்பந்து லீக்கில் ஆறு பருவம், இரண்டு கோப்பை, தடுக்கவே முடியாத இடது கை. வந்தவர்கள் எல்லோரும் இதைத்தான் பேசினார்கள். வழக்கைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அந்த ஒரு மணி நேரம் அவனுக்குத் தேவையாக இருந்தது. லோசா இன்னும் வரவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், ஆக்லாந்தில் ஆட்டம் ஜெயித்த இரவு. வைமாரி குடித்திருந்தாள், அவள்தான் காரை ஓட்டினாள். கார் கம்பத்தில் மோதியது. பக்கத்து இருக்கையில் இருந்த அணித்தோழி லோசாவின் வலது முழங்கால் நொறுங்கியது. அதற்குப் பிறகு லோசா ஆடவில்லை. வைமாரியும் ஆடவில்லை. நீதிமன்றத்தில் வக்கீல் பேசி முடிப்பதற்குள் எழுந்து, குற்றம் செய்தேன் என்றாள். ஒன்பது மாதம் வீட்டுக்காவல், கணுக்காலில் கண்காணிப்புப் பட்டை. துணிக்கொடியைத் தாண்டினால் அது கத்தும். பட்டையைக் கழற்றிய பிறகும் ஓர் உத்தரவு பாக்கி இருந்தது. லோசாவைப் பார்க்கவோ, பேசவோ, எழுதவோ கூடாது.

"அவ என் மூஞ்சிக்கு நேரா நின்னு திட்டணும். அது போதும் எனக்கு," என்று சமையலறையில் நின்று சொல்வாள்.

நான்கு நாட்களுக்கு முன், அதே கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் தலை வலிக்கிறது என்று புல்லில் உட்கார்ந்தாள். ஈஹாயா தண்ணீர் கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

அணியின் பழைய தலைவி மூலம் லோசாவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தான். பதில் இல்லை.

"வருவா மாப்ள," என்றாள் அத்தை, அவன் கேட்காமலே. "பாசமா இருந்தவங்க வர்றதுதான் சந்தேகம். சண்டை பாக்கி இருக்கிறவங்க மூடி போடறதுக்குள்ள வந்துருவாங்க."

அவனுக்கும் அதில் சந்தேகம் இல்லை. நேரத்தைப் பற்றித்தான் கவலை.

வெளியே வாயிலில், வந்தவர்களை உள்ளே வரவேற்கும் அழைப்புக் குரல் எழுந்தது.

லோசா ஊன்றுகோலோடு முற்றத்தைக் கடந்து வந்தாள். இரண்டு பக்கமும் பழைய அணிப் பெண்கள். கூடத்து வாசலில் வலது காலின் செருப்பைக் கழற்ற நேரம் பிடித்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. நேராக வந்து கால்மாட்டில் நின்றாள்.

"ஏய் வை, எந்திரி. நல்லா நீட்டிப் படுத்துக்கிட்ட."

இறந்தவரிடம் நேராகப் பேசி வழியனுப்புவது அங்கே வழக்கம்; லோசா கோலை ஊன்றிக்கொண்டு தொடர்ந்தாள்.

"அன்னிக்கு சாவியக் குடுடின்னு கேட்டேன். 'உனக்கு ரிவர்ஸ் எடுக்கவே தெரியாது'ன்னு சிரிச்ச. நானும் சிரிச்சேன். அதுக்காக ரெண்டு வருஷமா என்னையே திட்டிக்கிட்டு இருக்கேன். இன்னிக்கு உன்னத் திட்டத்தான் எட்டு மணி நேரம் உக்காந்து வந்தேன். முட்டாக் கழுதை! என்னால மாடி ஏற முடியல. முட்டி போட்டு ஜெபம் பண்ண முடியல. எங்கம்மா கேக்கறா, ஆண்டவர்கிட்ட நின்னுக்கிட்டா பேசுவன்னு."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். லோசா கோலை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு போன் பண்ணல நீ. கோர்ட்டு கூடாதுன்னுச்சு. தெரியும். மேட்ச்ல எத்தன தடவ ரெஃப்ரி கண்ணுல மண்ணத் தூவியிருப்ப? இதுக்கு மட்டும் ஒழுங்கா ரூல்ஸ் பாத்தியாடி?"

அத்தோடு நிறுத்தினாள். பேசியவர் ஒரு பாட்டுப் பாடித்தான் முடிக்க வேண்டும். அவள் பாடாமல் நின்றாள். அத்தை தரையில் கையூன்றி எழுந்து முதல் வரியைத் தொடங்கினாள். கூடம் முழுவதும் எழுந்து சேர்ந்துகொண்டது. ஈஹாயாவும் எழுந்தான்.

பாட்டு முடிந்ததும் அவன் சற்று நகர்ந்து இடம்விட்டான். லோசா சுவரைப் பிடித்து இறங்கி, மடங்காத காலைப் பெட்டியை ஒட்டி நீட்டிக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இப்ப சரியா இருக்கும்," என்றான் வாசலில் பேனே. தலையெல்லாம் மண்.

மூடி போட்டார்கள்.

கல்லறை மேட்டில் பெட்டி குழிக்குள் எங்கும் இடிக்காமல் மட்டமாக இறங்கியது. பேனே அத்தையைப் பார்த்தான். அத்தை தலையாட்டினாள்.

கல்லறைத் தோட்டத்தை விட்டு வெளியே வரும் இடத்தில் கை கழுவ ஒரு குழாய். முழங்கால் உயரம்தான் இருக்கும். எல்லோரும் குனிந்து கை நனைத்து, தலையில் தெளித்துக்கொண்டு போனார்கள். லோசா குழாயின் முன் நின்றாள். கோலைப் பக்கவாட்டில் ஊன்றிப் பார்த்தாள். கால் மடங்கவில்லை.

ஈஹாயா குனிந்து இரண்டு கையிலும் தண்ணீர் பிடித்தான். நிமிர்வதற்குள் பாதி விரலிடுக்கில் ஒழுகிவிட்டது. மீதியை அவள் கையில் ஊற்றினான்.

அவள் கையை எடுக்கவில்லை. அவன் மறுபடி குனிந்தான். பின்னால் வரிசை நின்றது.