ஆண் குட்டி என்றால் முருகையனுக்கு

கதிர்காமத்துப் புருஷோத்தமன் தன் வெள்ளைப் பெண்குதிரையோடு கிழட்டுக் குதிரை சுல்தானைச் சேர்க்கச் சம்மதித்ததும் முருகையனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆண் குட்டி பிறந்தால் முருகையனுக்கு, பெண் குட்டி என்றால் புருஷோத்தமனுக்கு. அதுதான் பேச்சு. பாண்டிச்சேரி உப்பளத்தில் இருந்த தன் வீட்டில் அன்றைக்கே கேசரி கிண்டச் சொன்னான்.

“உம் புள்ள கல்யாணத்துக்குக்கூட நீ இப்பிடிக் குதிக்கல,” என்றாள் அவன் பெண்டாட்டி தீபலட்சுமி.

“அவன் என்னைக் கேட்டா கட்டிக்கிட்டான்? கெடக்கறான் வுடு!”

இன்றைக்குக் கல்யாண மண்டப வாசலில் ஜரிகைத் துணி போர்த்திக்கொண்டு நிற்கிற சுல்தான், ஒரு காலத்தில் கிண்டி ரேஸில் கொடிகட்டிப் பறந்தவன் என்றால் யார் நம்புவார்கள்? கடைசி வளைவில் அவன் வெளிப்பக்கமாக ஏறி வந்தால் மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கத்தும். அப்போதிருந்தே அவனுக்குக் குதிரைக்காரன் முருகையன்தான். ஓட்டம் முடிந்து குட்டி போடவைக்கும் பண்ணைக்கு அனுப்பியபோதும் கூடவே போனான்.

அங்கேதான் சனி பிடித்தது. சுல்தானுக்குப் பிறந்த குட்டிகளில் ஒன்றுகூட உருப்படியாக ஓடவில்லை. ரேஸ் குதிரைக்கு அப்பன் என்கிற மரியாதை பிள்ளைகள் ஜெயித்தால்தான். பண்ணைக்காரர்கள் குட்டிகளைத் திசைக்கொன்றாக விற்றுவிட்டு, வேறொரு குதிரையை வாங்கிவந்தார்கள். சுல்தானை மோப்பம் பிடிக்கிற வேலையில் போட்டார்கள். பெண்குதிரை பருவத்தில் இருக்கிறதா என்று பார்க்க முதலில் அவனைக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அது இசைந்து நின்றால் அவனை இழுத்துக்கொண்டு போய்விட வேண்டும். அப்புறம் அந்தப் புதுக்குதிரை வரும். என்ன பிழைப்பு இது! இழுத்தது முருகையன். மாட்டேன் என்றால் இன்னொருவன் சவுக்கால் அடித்து இழுத்திருப்பான்.

வயதாகிவிட்டது என்று கழித்துவிட்டபோது, கெஞ்சிக் கேட்டுப் பாண்டிச்சேரிக்கு ஓட்டிவந்தவனும் அவன்தான். சுல்தானுக்குப் பல் ஆடத் தொடங்கிவிட்டது. அவன் போன பிறகு அவன் சாடையில் ஒரு முகம் கொட்டகையில் நிற்க வேண்டும். முருகையனின் ஆசை அவ்வளவுதான்.

பேசிவைத்த நாள் காலையில் பெண்குதிரை வந்தது. சுல்தான் கழுத்தை வளைத்துக் கனைத்த கனைப்பில் தெருவே திரும்பிப் பார்த்தது. மோந்தான். பெண்குதிரை வாலை ஒதுக்கிக்கொண்டு அசையாமல் நின்றது. முருகையன் கயிற்றைக் கீழே போட்டான்.

“போடா ராசா. இன்னிக்கி உன்ன எவனும் இழுக்க மாட்டான்.”

சுல்தான் பின்னால் நகர்ந்தான். தானாகத் திரும்பி வந்து முருகையனின் சட்டைப் பையை மூக்கால் துழாவினான். பண்ணையில் இழுத்துவந்த ஒவ்வொரு முறையும், பாவம், மனசு ஆறட்டும் என்று வெல்லம் கொடுத்துப் பழக்கியிருந்தான் முருகையன். மறுபடி கொண்டுபோய் நிறுத்தினான். தட்டினான், கொஞ்சினான், திட்டினான். ஒவ்வொரு தடவையும் சுல்தான் மோந்து பார்த்துவிட்டு ஒழுங்காகத் திரும்பி வந்தான்.

புருஷோத்தமன் செல்போனை எடுத்தான். “தப்பா எடுத்துக்காதண்ணே. இன்னிக்கி வுட்டா பருவம் போயிடும். லாஸ்பேட்ட மச்சான் குதிரைய வரச் சொல்றேன். நல்லவேள, உன் ஆளு மோந்து பாத்துச் சொல்லிட்டான்.”

டாடா ஏஸ் வண்டியில் இளங்குதிரை வந்து இறங்கியது. சுல்தானை யாரும் இழுக்க வேண்டியிருக்கவில்லை. அவனே கொட்டகைக்குள் போய் நின்றான்.

முருகையன் பின்னாலேயே போய்த் தன் விரல்களை அவன் பல்லுக்கிடையில் திணித்தான். “உன்ன இழுத்த கைடா இது, கடிடா! ஒரு தடவ கடிச்சித் தொலடா, பாவி!” என்று வாய்விட்டு அழுதான்.

சுல்தான் பல் படாமல், நாக்கால் அந்த விரல்களை மெல்ல வெளியே தள்ளினான்.