கிணற்றின் மேல் ஒரு கம்பிவலை

அய்யாவின் உடலைக் குளிப்பாட்ட நீர்மாலைக்குக் கிளம்பிய பிறகுதான், தண்ணீரை எங்கே போய் எடுப்பது என்ற கேள்வி வந்தது. வெள்ளை வேட்டியை நான்கு முனையிலும் தூக்கிப் பிடித்தவர்கள் லாட்ஜ் வாசலில் தயங்கி நின்றார்கள். அதன் கீழே குடத்தோடு மகன் பாண்டித்துரை. அவன் தங்கை சத்யப்பிரியா, ரிசப்ஷனில் கிடத்தியிருந்த அய்யாவின் காலடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம வாசல்லயே கெணறு கெடந்துச்சு. இப்ப அங்கன போறதா இங்கன போறதான்னு முழிக்கிறோம்," என்றார் சித்தப்பா காளீஸ்வரன்.

"மடத்துக் கெணத்துக்குப் போவோம்," என்று பாண்டித்துரை முன்னால் நடந்தான். சங்கு ஊதினார்கள்.

முதுகுளத்தூர் பக்கம் மிளகாய்க்காட்டை விற்றுவிட்டு ராமேஸ்வரம் வந்த அய்யா மருதுபாண்டி, லாட்ஜுக்கு அஸ்திவாரம் போடும் முன்பே கிணறு தோண்டினார். கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் நல்ல தண்ணீர் ஊறியதில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. கடலில் குளித்து உடம்பெல்லாம் உப்பாக வருகிறவர்கள், வேறு லாட்ஜில் தங்கியவர்கள்கூட, இரண்டு வாளி ஊற்றிக்கொண்டு போவார்கள்.

பிறகு சென்னைக் கம்பெனி ஒன்றின் பெயரை வாசலில் மாட்டிக்கொள்ள ஒப்பந்தம் வந்தது. பெயர் வேண்டுமென்றால் அவர்கள் சொல்கிறபடி கட்டடத்தைப் புதுப்பிக்க வேண்டும். எல்லாம் இங்கிலீஷ். பாண்டித்துரை படித்து அர்த்தம் சொன்னான், அய்யா கையெழுத்துப் போட்டார்.

"கெணறு இருக்கக்கூடாதாம்யா. கம்பெனி ரூலு," என்று அவன் வந்து சொன்னபோது அவர் வாதாடவில்லை. "கையெழுத்துப் போட்டாச்சு. இனிமே பேச என்ன இருக்கு," என்றார். கிணற்றை மூட மண் லாரி வந்த அன்று அறைக்குள் போய்ப் படுத்தவர், அப்புறம் வாசல் பக்கமே வருவதில்லை.

இன்று காலை மூச்சு இழுத்தபோது, "கெணத்துத் தண்ணி ஒரு வாய் குடு ஆத்தா," என்றார். கம்பெனி பெயர் அச்சடித்த பாட்டிலைத்தான் சத்யா திறந்தாள். ஒரு வாய் இறங்கியது. அடுத்தது கடைவாயில் வழிந்துவிட்டது.

மாலையோடு ஒரு இளைஞன் உள்ளே வந்தான். அய்யாவுக்குப் போட்டுக் கும்பிட்டான்.

"மேடம், என் பேரு சூர்யா. கம்பெனியோட மதுரை ஆபீஸ். வேலையெல்லாம் முடிஞ்சிருச்சான்னு பாக்க வந்தேன். இப்படின்னு தெருவுக்குள்ள வந்தப்புறந்தான் தெரிஞ்சது."

சத்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பாருங்க சார், நல்லாப் பாருங்க. நீங்க சொன்னபடியே கெணத்தையும் தூத்தாச்சு."

அவன் திகைத்து வாசலைப் பார்த்தான். "தூத்துட்டீங்களா? ஏன் மேடம்? மேல கம்பிவலை போடச் சொன்னோம், பிள்ளைங்க விழுந்திரக்கூடாதுன்னு. வயரிங், பாத்ரூம், தீ அணைக்கிற குழாய், இதுகதான் கட்டாயம்."

"கெணறு இருந்தா பேரு தர மாட்டோம்னு சொன்னீங்களாமே?"

"இல்லையே. வாசல்ல ரெஸ்டாரண்ட் போடணும்னு உங்க அண்ணன்தான் கேட்டாரு. கெணத்தை விட்டுட்டு எங்க வேணாலும் போடுங்கன்னோம்."

சத்யா அய்யாவின் பக்கம் திரும்பினாள். முகம் தெரியாத கம்பெனிக்காரர்களை இத்தனை நாளாக வாய்க்கு வந்தபடி சபித்திருக்கிறாள். அய்யா அவர்களைக்கூட ஒரு சொல் சொல்லவில்லை. தன் கையெழுத்தையே நொந்துகொண்டு போய்ச் சேர்ந்தார். பெற்ற மகன் பக்கத்திலேயே இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சங்குச் சத்தம் திரும்பி வந்தது. தலையில் நிறைகுடத்தோடு பாண்டித்துரை வாசலில் வந்து நின்றான். அழுது அழுது அவன் கண் சிவந்திருந்தது. நீர்மாலைக் குடத்தை மகள்தான் இறக்கி வாங்க வேண்டும். அவர்கள் வழக்கம் அது.

"சத்யா, வாங்குத்தா."

"கம்பிவலைதான் போடச் சொன்னாகளாம்ல அண்ணே?"

அவன் சூர்யாவைப் பார்த்தான். பிறகு யாரையும் பார்க்கவில்லை.

"ஏத்தா, குடத்தை வாங்கு. வெயிலு ஏறுதுல்ல," என்றார் சித்தப்பா.

சத்யா அய்யாவின் பாதத்திலிருந்து கையை எடுக்கவில்லை. அவன் இரண்டு கையாலும் குடத்தை மாற்றிப் பிடித்தான். குடம் தளும்பித் தண்ணீர் அவன் முகத்தில் வழிந்தது. துடைத்துக்கொள்ள அவனுக்குக் கை இல்லை.